நாலாவது கவலை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒருத்தரும் "நானும் அங்கதான் நின்னேன்" என்று வந்து சேரக் கூடாது. டாக்டரம்மா. அவருடைய கிளினிக்கில் சீட்டு எழுதி, மாத்திரை மடித்துக் கொடுத்து, ஆட்களை வரிசையில் நிறுத்துகிற வேலையில் இருந்த நான். டிரைவர் தேவராஜ். பந்தல் போட வந்த சாமியானா பாய். மாமியார் கன்னியம்மா. மருமகள் மல்லிகா, ஏழு மாசம். கன்னியம்மாவுக்கு மகனும் மல்லிகாவுக்குப் புருஷனுமான ஏழுமலை. இவன் அன்று முழுக்கப் பேசியது ஒரே ஒரு வாக்கியம். முகாமுக்கு வந்து ஊசி என்றதும் ஓடிப்போன ஜனங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. கார்த்திகை மாசம், தீபத்துக்கு இன்னும் ரெண்டு நாள். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் இலவச மருத்துவ முகாம்.

இந்த வேலைக்குப் புதுசாக வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள், "அண்ணே, மிஷின் இல்லாத காலத்துல ரத்தசோகைய எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று. நான் எங்கே கண்டுபிடித்தேன்? நான் பயந்தேன். டாக்டரம்மா கண்டுபிடித்தார். ரெண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏன் விட்டேன் என்றால், எட்டாவதில் பெயிலாகிவிடுவோமோ என்ற பயத்தில். அப்படிப்பட்ட ஆளை வியாதிக்காரர்களுக்கு நடுவில் வேலைக்கு வைத்தால் என்ன ஆகும்? பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒருத்தர் தூங்கினால், "அம்மா, ஒருத்தரு போயிட்டாரு போலிருக்கு" என்று உள்ளே ஓடுவேன். குழந்தை அழுதால் வலிப்பு, அழாவிட்டால் மயக்கம். செங்கம் ரோட்டில் எங்கள் கிளினிக்குக்கு ஒரு வெள்ளைக்காரர் காலில் முள் குத்தி வந்தார். அவர் முகத்தைப் பார்த்து, "உடம்புல ஒரு சொட்டு ரத்தம் இல்லம்மா, படுக்க வைங்க" என்று நான் போட்ட கூச்சலில் பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வெள்ளைக்காரர் அதற்கப்புறம் எங்கள் தெருவில் வராமல் சுற்றிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இதோ பாருப்பா. ஒரு நாளைக்கு மூணு கவலை நீ எங்கிட்ட சொல்லலாம். அது ஃப்ரீ. நாலாவது கவலைக்கு நாலணா இந்த டப்பால போடணும். அஞ்சாவதுக்கும் நாலணா."

"அவசரமா இருந்தா?"

"எல்லாமே உனக்கு அவசரம்தான். எது நெஜமான அவசரம்னு நீ பொறுக்கிக் கத்துக்கணும். அதுக்குத்தான் டப்பா."

நாலணா என்றால் அன்றைக்கு ஒரு டீ. நானோ டீயும் கவலையும் இல்லாமல் உயிர் வாழாதவன். மாசக் கடைசியில் அந்த டப்பா கனமாகவே இருக்கும்.

சரி, முகாமுக்கு வருவோம். ரெண்டு நாளாக மழை பெய்து அன்று காலையில்தான் விட்டிருந்தது. பள்ளிக்கூடத்தின் ஒரே ரூம் ஒழுகியது. அதனால் திடலில் சாமியானா போட்டார்கள். பாய் கொண்டுவந்தது அவரிடம் இருந்ததிலேயே உசத்தியான கல்யாணத் துணி. ரத்தச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் ஜரிகைக் குஞ்சம்.

"டாக்டரம்மாவுக்காக ஸ்பெஷலா கொண்டாந்தேன்" என்றார் பாய். "இந்தத் துணிக்கு அடியில உக்காந்த எந்தப் பொண்ணையும் புடிக்கலன்னு ஒரு மாப்பிள்ளை சொன்னதில்ல. அவ்ளோ ராசி."

வந்து இறங்கியதுமே என் முதல் கவலை கிளம்பிவிட்டது. மழையில் மண் ஊறிக் கிடக்கிறது, கம்பம் சாய்ந்து டாக்டரம்மா மேல் விழுந்தால்? ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் மலை மாதிரி குவித்திருந்த வேர்க்கடலைக் கொடியைப் பார்த்தேன். அதில் பாம்பு இருந்தால்? "ரெண்டு." அப்புறம் தேவராஜ் அம்பாசிடரை மேட்டில் நிறுத்தியிருந்தான். ஹேண்ட்பிரேக் போட்டானா?

"மூணு. இன்னிக்குக் கடை சாத்தியாச்சு. போய் ஆளை அனுப்பு."

தேவராஜுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பத்து மணிக்கே மூணும் காலி. இன்னிக்கு டப்பாவுக்குப் பொங்கல்தான்" என்றான்.

வெயில் ஏற ஏற முகாம் நன்றாகப் போனது. டாக்டரம்மா பெண்களுக்கெல்லாம் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "பரவாயில்லையே, இந்த ஊர்ல எல்லாருக்கும் ரத்தம் நல்லா இருக்கே" என்று அவருக்கே ஆச்சரியம். எனக்கும் சந்தோஷம். அன்றைக்கு எல்லார் முகமும் தாம்பூலத் தட்டு மாதிரி சிவந்து ஜொலித்தது. எலும்பும் தோலுமாக வந்த ஒரு கிழவி கூட மணவறையிலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள். இரும்பு மாத்திரைப் பெட்டியை நான் அவிழ்க்கவே இல்லை.

அப்போதுதான் கன்னியம்மா வந்தாள். வந்தாள் என்பதை விட, அவள் குரல் வந்து, பின்னால் அவள் வந்தாள் என்பது சரி. கையில் மருமகள். அவர்களுக்குப் பின்னால் ஏழுமலை, தலையைக் குனிந்துகொண்டு.

"வியாதி ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. ஒரே ஒரு வார்த்த நீங்க சொல்லணும். மூணு வருசமா வயித்துல ஒண்ணும் தங்கல. தங்கினா தீபத்துக்கு இவள மலைய சுத்த வைக்கிறேன்னு வேண்டிக்கினேன். வெறுங்காலோட. இப்ப தங்கிடுச்சு. போன வாரம்தான் வளைகாப்பு. நாளன்னிக்கி தீபம். இவன் என்னமோ டாக்டர கேளு, டாக்டர கேளுன்னு மொனகறான். நீங்க போவலாம்னு சொல்லிட்டா வாய மூடுவான்."

ஏழுமலை வாயைத் திறந்து நான் இன்னும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா மல்லிகாவை உட்கார வைத்தார். இமையை இழுத்தார்: சிவப்பு. உள்ளங்கையைத் திருப்பினார்: வளைகாப்புக்கு வைத்த மருதாணி, கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. நகம்: அதிலும் மருதாணி. நாக்கை நீட்டச் சொன்னார்: வெற்றிலைச் சிவப்பு. முகம்: மஞ்சள் பூச்சு.

"மூச்சு வாங்குதாம்மா?"

"இவளுக்கா?" என்றாள் கன்னியம்மா. "கொடத்த இடுப்புல வெச்சினு ஓடுவா."

"படபடப்பு, மயக்கம்?"

"எனக்குத்தாங்க அதெல்லாம். அவளுக்கு ஏதும் இல்ல."

"கால் கொஞ்சம் வீங்கியிருக்கே?"

"எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு எல்லாம் அப்படித்தான். எனக்கும் வீங்குச்சு, ராஜா மாதிரி இவன் பொறந்தான்."

ராஜா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே ஐம்பது பேர் நிற்கிறார்கள். டாக்டரம்மா பிரஷரைப் பார்த்தார். "சரி. மெதுவா, அங்கங்க உக்காந்து உக்காந்து போங்க. தண்ணி கையில வெச்சுக்கோங்க" என்றார். கன்னியம்மா மகனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கேஸ் ஜெயித்த பார்வை.

இப்போது என் கட்டம் வருகிறது. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு விபூதிப் பொட்டலம் இருக்கும். என்னை மாதிரி ஆளுக்கு நெற்றியில் ஒரு தடவை இட்டது எத்தனை நேரம் தாங்கும்? மல்லிகா என் மேஜைக்குச் சீட்டு வாங்க வந்தவள், அந்தப் பொட்டலத்தையே பார்த்தாள். "கொஞ்சம் தரீங்களா அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள். பக்தியான பெண் என்று நினைத்துப் பொட்டலத்தை அப்படியே நீட்டினேன். அவள் திரும்பி நின்றுகொண்டாள். நெற்றிக்கு ஒரு துளி கூடப் போகவில்லை. அத்தனையையும் வாயில் கொட்டிக்கொண்டு, காகிதத்தையும் நக்கிவிட்டு, மடித்து என்னிடமே கொடுத்தாள்.

சாமி விபூதி! நெற்றியில் வைக்காமல், கண்ணை மூடிக் கும்பிடாமல், கடலை மாதிரி தின்றுவிட்டாளே. கொடுத்தது நான். அது சாமி குத்தம் என்றால் அவளுக்கா எனக்கா? ரெண்டு பேருக்கும் என்றால் யாருக்கு முதலில்? டாக்டரம்மாவிடம் சொல்லலாமா என்று எழுந்தேன். உட்கார்ந்தேன். இது நாலாவது. நாலணா. டாக்டருக்கும் சாமி குத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? திட்டு விழும், டீயும் போகும். மறுபடி எழுந்தேன். தேவராஜ் தூரத்திலிருந்து நாலு விரலைக் காட்டிச் சிரித்தான்.

கன்னியம்மா கும்பல் திடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், நான் ஓடியது மல்லிகாவுக்காக இல்லை. என் பொட்டலத்துக்காக.

"அம்மா, ஒரு சாமி குத்தம் ஆயிடுச்சு."

டாக்டரம்மா நிமிரவே இல்லை. இடது கையை நீட்டினார். "நாலணா."

"சில்லறை இல்லம்மா, அப்புறம் தரேன். அந்தப் பொண்ணு என் விபூதிய பூரா தின்னுடுச்சும்மா. நெத்தியில வெக்கவே இல்ல. பேப்பர கூட நக்கிட்டா. பாவம் வந்துடுமா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. டாக்டரம்மா மெல்லத் தலையைத் தூக்கினார்.

"என்ன சொன்ன? பாவத்த விடு. அதுக்கு முன்னாடி சொன்னத சொல்லு."

"தின்னுட்டாம்மா."

"எவ்வளவு?"

"முழுப் பொட்டலம்."

"கூப்பிடு அவங்கள!"

நான் ஓடின ஓட்டத்தில் செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது.

திரும்பி வந்த மல்லிகாவிடம் டாக்டரம்மா கேட்டார், "விபூதி பிடிக்குமாம்மா உனக்கு?"

"அத ஏன் கேக்கறீங்க!" என்றாள் கன்னியம்மா பூரிப்பாக. "ஒரு நாளைக்கு ஒரு கை விபூதி துன்னுவா. ஊரே சொல்லுது, இவ மேல அம்மன் ஏறப்போவுதுன்னு. அப்பேர்ப்பட்ட பக்தி..."

"உங்களுக்கு உடம்பு சுடற மாதிரி இருக்கே" என்றார் டாக்டரம்மா. "வாயைத் திறங்க." தர்மாமீட்டரை எடுத்து அவள் வாயில் வைத்தார். "அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா கண்ணாடி உடைஞ்சிடும்."

கன்னியம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சிலையானாள். கண் மட்டும் எங்களை ஒவ்வொருத்தராக மிரட்டியது. அந்த ஊரில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன்னால் இருந்திருக்காது.

"இப்ப நீ சொல்லும்மா" என்றார் டாக்டரம்மா மல்லிகாவிடம்.

அவள் மாமியாரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். விபூதி தீர்ந்துவிட்டால் அடுப்புச் சாம்பல். சாம்பலும் இல்லாவிட்டால் பச்சரிசி. ஏன் என்று தெரியவில்லை, வாய் கேட்கிறது. ரெண்டு பாத்திரம் தேய்ப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ராத்திரியில் மட்டமாகப் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறாள். நெஞ்சு அடிக்கிற சத்தம் தனக்கே கேட்கிறது. "வெளிய சொன்னா சாம்பல் துன்றவன்னு சிரிப்பாங்க. விபூதின்னா யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

"ரத்தம் கொறைஞ்சாத்தான் வாய் இப்படி சாம்பல் கேக்கும்" என்றார் டாக்டரம்மா. ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கக் கையை நீட்டியவர், தன் வெள்ளைக் கோட்டின் கையைப் பார்த்தார். அது ரோஸ் கலரில் இருந்தது. என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். அதுவும் ரோஸ். மேலே அண்ணாந்து பார்த்தார். உச்சி வெயில் அந்தச் சிவப்புத் துணி வழியாக இறங்கி எங்கள் எல்லார் மேலும் குங்குமம் பூசிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி மனுஷா" என்றார் பாயைப் பார்த்து.

"நான் என்னம்மா செஞ்சேன்?" என்றார் பாய்.

டாக்டரம்மா மல்லிகாவைக் கைத்தாங்கலாக வெட்டவெளிக்கு அழைத்துப் போய் வெயிலில் நிறுத்தினார். "எல்லாரும் வாங்க இங்க" என்று எங்களையும் கூப்பிட்டார். நான், தேவராஜ், பாய் மூன்று பேரையும் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்தர் கீழ் இமையாக இழுத்துப் பார்த்தார். எங்களுடையது மாதுளை முத்து நிறம். மல்லிகாவினுடையது சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி. சிவப்பு என்று சொல்ல ஒரு நூல் கூட இல்லை. மஞ்சள் பூசாத காதுமடலும் உதட்டின் உள்பக்கமும் அதே வெளுப்பு.

"அம்மா, எனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"உனக்கு ரத்தம் ஜாஸ்தி. அதான் தலைக்கு ஏறுது. தள்ளு."

அப்போது தர்மாமீட்டரோடு கன்னியம்மா வந்து மருமகளின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தாள். வீட்டில் ஆறு ஆடு வைத்திருப்பவள் அவள். ஆட்டின் கண்ணைப் பிதுக்கிப் பார்த்து வாங்குகிறவள், விற்கிறவள். ஒரு நொடி பார்த்தாள். தர்மாமீட்டரைப் பிடுங்கினாள்.

"ஐயோ என் தாயே! என் ஆட்டுக்குக் கண்ணு இப்படி வெளுத்திருந்தா நான் சந்தைக்குக் கூட ஓட்டினு போவ மாட்டேனே! இவளையா மலைய சுத்த வெக்கப் பாத்தேன்? எடியே, நீ வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"எங்க அத்த, நீங்க தொறக்க வுட்டீங்க?" என்றாள் மல்லிகா. அன்றைக்கு அவள் பேசிய தைரியமான பேச்சு அதுதான்.

டாக்டரம்மா நெஞ்சைக் கேட்டுவிட்டு என்னை ஓரமாக அழைத்தார். "இன்னிக்கே பெரியாஸ்பத்திரியில சேக்கணும். நாளன்னிக்கி அந்தப் பதினாலு கிலோமீட்டர் நடந்திருந்தா, பாதி வழியிலயே மூச்சு நின்னிருக்கும்." ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிச் சுருட்டினார். "போகலாம்னு என் வாயால சொன்னேனே" என்றார்.

கன்னியம்மாவிடம் ஆஸ்பத்திரி என்றதும் அவள் திடலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சேக்கறேன். கையெழுத்து போடறேன். என்ன வேணா பண்றேன். ஆனா வேண்டுதல்? குடுத்த சாமிக்குக் குடுத்த வாக்கு. அத முடிக்காம ஆஸ்பத்திரி வாசல மிதிச்சா புள்ளைக்கு ஆவுமா? நாளன்னிக்கி முடிச்சிட்டு அடுத்த நாள் வந்து படுக்க வெக்கிறேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு டாக்டர் கத்தியிருக்கலாம். "மூட நம்பிக்கை" என்று ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் கன்னியம்மா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள், தீபத்தன்று விடிவதற்கு முன்னால் மருமகளைக் கிளப்பியிருப்பாள். டாக்டரம்மா மறுபடி மல்லிகாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்தார்.

"வண்டியில சுத்தினா சாமி ஏத்துக்குமா?"

கன்னியம்மா யோசித்தாள். "வெறுங்காலோடவா?"

"வெறுங்காலோட."

"எல்லாரும்?"

"எல்லாரும். ஆனா ஒரு கண்டிஷன். வண்டி எங்கயும் நிக்காது. யாரும் எறங்கக் கூடாது. சுத்தி முடிச்ச கையோட நேரா ஆஸ்பத்திரி. அரை மணி நேரம்தான் உங்களுக்குத் தருவேன்."

பேரம் முடிந்தது. பாய்க்கு ஒரே ஒரு உத்தரவு: துணியை அவிழ்க்கணும். காலையில் பார்த்த அத்தனை பேரையும் நாளைக்கு வெளியில் வைத்து மறுபடி பார்க்கணும்.

"என் துணிய யாரும் இப்படிச் சொன்னதில்ல" என்றார் பாய் மனம் உடைந்து.

"பாய், உங்க துணிக்கு ராசி உண்டு. நான்தான் தப்பான இடத்துல போடவிட்டேன்" என்றார் டாக்டரம்மா. பாய் கொஞ்சம் சமாதானமாகி, நாளைக்குக் கூரையே இல்லாத பந்தல் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

அம்பாசிடர் கிளம்பியது. பின் சீட்டில் மல்லிகா சாய்ந்தாற்போல் நடுவில். ஒரு பக்கம் டாக்டரம்மா நாடியைப் பிடித்தபடி, இன்னொரு பக்கம் கன்னியம்மா கன்னத்தில் போட்டபடி. முன்னால் தேவராஜ், நான், ஏழுமலை. ஏழு மாசக் கர்ப்பிணி, வெளுத்த கண், பள்ளம் விழுந்த ரோடு. என் தலைக்குள் எத்தனை கவலை ஓடியிருக்கும்? ஒன்றையும் வெளியில் விடவில்லை. பையில் சில்லறை இல்லை.

மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குள் வந்து, கோபுரத்தைக் கும்பிட்டு, மலை வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரி வண்டி திரும்பியது.

"அக்னி லிங்கம்! நிறுத்துப்பா, ஒரு சூடம் ஏத்திட்டு..."

"சன்னல் வழியா கும்பிடுங்க" என்றார் டாக்டரம்மா.

அடுத்து எமலிங்கம். பக்கத்திலேயே சுடுகாடு. அங்கே கன்னியம்மா நிறுத்தச் சொல்லவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தேவராஜ் ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் அம்பாசிடர் அதன் ஆயுளில் போகாத வேகம் போனது. மலைக்குப் பின்பக்கம் போய், சுற்றி வடக்கே வந்தோம். குபேர லிங்கம் வந்தபோது வண்டி தானாக மெதுவாகியது.

"தேவராஜ்!" என்றார் டாக்டரம்மா.

"மாடு குறுக்க வந்துச்சும்மா" என்றான். மாடு எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்துக்கொண்டார்கள். ரத்தம் ஏற்றவேண்டும், அதுவும் சொட்டுச் சொட்டாக, அவசரப்படாமல் என்றார்கள். யார் ரத்தம் கொடுப்பது என்று கேட்டதும் தேவராஜ் வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். நான் ஊசியைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் ஏழுமலை முன்னால் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அன்றைய தன் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்:

"எடுத்துக்கோங்க, ஆனா எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

அவனுடைய ரத்தம் சேர்ந்தது. தீபத்தன்று சாயங்காலம் மல்லிகாவை ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மலை உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே "அரோகரா" என்றது. அவளும் சொன்னாள். ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது என்று அடுத்த நாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பாயின் கூரையில்லாப் பந்தலில் டாக்டரம்மா மறுபடி பார்த்தபோது, மணவறையிலிருந்து எழுந்து வந்த அந்தக் கிழவியோடு இன்னும் சில பேருக்கு இமை வெளுத்திருந்தது. இரும்பு மாத்திரைப் பெட்டியை அவிழ்த்தேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. மல்லிகா வீட்டுக்குப் போன சில நாளில், கிளினிக் வாசலில் அந்தக் குரல் கேட்டது. பின்னால் கன்னியம்மா.

"எங்க அந்த டிரைவரு?"

தேவராஜ் டீக் கிளாஸோடு எழுந்தான்.

"அடப் படுபாவி! எல்லாரும் வெறுங்காலோட வந்தோம், நீ மட்டும் செருப்பு போட்டுக்கினு ஓட்டினியே! நான் எறங்கும்போதே பாத்தேன். இப்ப பாரு, சாமி யாருக்குத் தண்டன குடுத்திருக்குன்னு!"

"ஆத்தா, பிரேக்கு வழுக்கும்னு..."

"இன்னாம்மா ஆச்சு?" என்று நான் கேட்டேன்.

அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, அவள் கணக்கில் ரகசியமாக, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அவளுக்கு வெளிக்குப் போனா தார் மாதிரி கருப்பா போவுது. மாத்திரையெல்லாம் தூக்கி எருக்குழில போட்டுட்டேன். பரிகாரம் என்னன்னு கேட்டுச் சொல்லுங்க."

நான் அன்றைக்குச் சொல்லவேண்டிய மூன்று கவலையும் இலவசமாக பாக்கி இருந்தது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினேன். வயிற்றுக்குள் ரத்தக் கசிவா, விஷமா, செருப்பா? டாக்டரம்மா கேட்டார். முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இரும்பு மாத்திரை சாப்பிட்டா கருப்பாத்தான் போகும். நான் சொல்லி அனுப்பியிருக்கணும். மறந்துட்டேன்."

தேவராஜ் அதற்கப்புறம்தான் டீயைக் குடித்தான். அது ஆறிப்போயிருந்தது. கன்னியம்மாவுக்குப் புது மாத்திரை கொடுத்தோம். அவள் நம்பவில்லை. கடைசியில் நான் என் தலை மேல் சத்தியம் செய்தேன். ஆனாலும் தேவராஜ் அடுத்த பௌர்ணமிக்கு வெறுங்காலோடு மலை சுற்றிவிட்டு வந்தான். கேட்டால் உடம்புக்கு நல்லது என்றான். மல்லிகாவுக்கு மாசி மாசத்தில் பெண் குழந்தை பிறந்தது. கன்னியம்மா ஒரு ஆட்டை விற்று ஊருக்கே சர்க்கரை கொடுத்தாள்.

அன்றிலிருந்து இரும்பு மாத்திரை கட்டுகிற ஒவ்வொரு பொட்டலத்தோடும் "கருப்பா போகும், பயப்படாதீங்க" என்று சொல்கிற வேலை எனக்கு வந்தது. பயப்படாதீங்க என்று ஊருக்குச் சொல்ல, ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி. நான் சொன்னதால்தான் ஜனங்கள் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். இவனே பயப்படவில்லை என்றால் நிஜமாகவே ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று.

கன்னியம்மா போன அந்தச் சாயங்காலம் நான் நாலணாவை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். முகாமில் கொடுக்காமல் விட்ட அபராதம். அவர் டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

"இனிமே டப்பா கிடையாது. ஒண்ணு மட்டும் செய். ஓடி வரும்போது என்ன பாத்தேன்னு மொதல்ல சொல்லு. என்ன பயந்தேன்னு அப்புறமா சொல்லு. அன்னிக்கி நீ பாவம், குத்தம்னுதான் ஆரம்பிச்ச. விபூதி தின்னான்னு சொல்லாமலே திரும்பிப் போயிருந்தா?"

நான் நாலணாவை நீட்டியபடி நின்றேன்.

"அதை நீயே வெச்சுக்க. எங்கிட்ட கடன் இருக்கட்டும். எப்பவாவது எதையாவது பாத்துட்டு, திட்டுவாளோன்னு வாயை மூடிக்கிட்டேன்னு தெரிஞ்சா அன்னிக்கி வட்டியோட வாங்கறேன்."

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அவரிடம் வேலை செய்தேன். வட்டி கேட்கிற சந்தர்ப்பத்தை நான் தரவில்லை. நோயாளிகளை வெயில் வெளிச்சத்தில் நிறுத்துவேன், மாமியாரைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைப்பேன், மருதாணியும் வெற்றிலையும் மஞ்சளும் மூடாத இடம் எது என்று தேடுவேன், பார்த்ததைப் போய்ச் சொல்லுவேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அது போதும் என்றார் அவர்.

டாக்டரம்மா இப்போது மகள் வீட்டோடு வெளியூரில் இருக்கிறார். போனில் பேசும்போதெல்லாம் "கடன் ஞாபகம் இருக்கா?" என்பார். இருக்கிறது. அந்தக் காசை இன்னும் தனியாக முடிந்து வைத்திருக்கிறேன். அது செல்லாமல் போய் ரொம்ப நாளாகிறது என்கிறார்கள். செல்லாத காசைக் கொடுத்தால் கடன் தீருமா, தீராதா என்பது என் இப்போதைய கவலை. எப்படியானாலும் கணக்கு கணக்குதான். நான் தரவேண்டிய பாக்கி, நாலணா.